வசந்தகாலப் பட்டம்: வாங்குவதா, கட்டுவதா? (கூடவே உலகமயம் பற்றிக் கொஞ்சம்)

1. காற்றுவாக்கு (இழையைத் தொடங்கியவர்)

குளிர் விலகி, வெயில் இன்னும் சுடாத இந்த மாதங்கள்தான் குடும்பத்தோடு திறந்தவெளிக்குப் போக வாகான காலம். பட்டம் பற்றி இரண்டு கேள்விகள்.

ஒன்று: ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு எந்தப் பட்டம் சரி? கட்டுவதென்றால் அளவுகள் வேண்டும். "இரண்டு குச்சியைக் குறுக்கே வைத்துக் கட்டு" என்பதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை.

இரண்டு: எந்த நாட்டுக் கடையில் பார்த்தாலும் அதே முக்கோண நைலான் பட்டம், அதே வானவில் நிறம், அதே ஃபைபர் குச்சி. கரைக்குக் கரை வேறுபட்டிருந்த ஒரு பொருள் இப்படி ஒரே அச்சாகிப் போனதில் நமக்கு லாபமா, நட்டமா?

2. மூங்கில்கீற்று

முதல் கேள்விக்கு என் பதில்: வால் இல்லாத வளைகுச்சி டைமண்ட். 90 செ.மீ. அளவில் ஒன்று கட்டினால் ஒரு பருவம் முழுக்கத் தாங்கும். செய்முறை:

90 செ.மீ. நீளத்தில் இரண்டு மூங்கில் குச்சிகள், சுமார் 5 மி.மீ. கனம். கணுக்களைச் சீவித் தட்டையாக்குங்கள். நடுக்குச்சியில் மேலிருந்து 18 செ.மீ.-இல், அதாவது ஐந்தில் ஒரு பங்கில், குறுக்குக் குச்சியின் நடு வரவேண்டும். ஆணி, துளை எதுவும் வேண்டாம். துளை போட்ட இடத்தில்தான் முதலில் முறியும். நூலால் எட்டு வடிவில் சுற்றி இறுக்கிக் கட்டி, ஒரு சொட்டுப் பசை.

நான்கு முனைகளையும் சுற்றி ஓர் எல்லை நூல். அதன்மேல் தாள் அல்லது மெல்லிய பிளாஸ்டிக். ஓரத்தில் 2 செ.மீ. கூடுதலாக விட்டு நூலின் மேல் மடித்து ஒட்டுங்கள். பறை போல விறைப்பாக ஒட்ட வேண்டாம். குறுக்குக் குச்சிக்குக் கீழே இருபுறமும் ஒரே அளவு தொய்வு இருந்தால்தான் காற்று அங்கே தங்கிப் பட்டத்தை நேராக வைத்திருக்கும்.

பிறகு குறுக்குக் குச்சியின் இரு முனைகளையும் முதுகுப் பக்கம் ஒரு நூலால் இழுத்து வில்லாக வளையுங்கள். வில்லின் ஆழம் 9 செ.மீ. காற்று படும் முகம் புடைத்திருக்க வேண்டும். இதைத் தலைகீழாக வளைத்துவிட்டு "ஏறவே மாட்டேன் என்கிறது" என்பவர்கள் நிறைய.

சூத்திரக் கயிறு (முச்சை), அதாவது பறக்கும் நூலைக் கட்டுவதற்கான இரண்டு கால் கயிறு: புடைத்த முகத்தின் பக்கம், ஒரு கால் குச்சிகள் சேரும் இடத்தில், இன்னொரு கால் நடுக்குச்சியின் அடிமுனையில். மேல் கால் 45 செ.மீ., கீழ் கால் 85 செ.மீ. முடிச்சுகளுக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் நூல் வெட்டுங்கள். சரிபார்ப்பது சுலபம்: பறக்கும் நூல் கட்டும் இடத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் அது பட்டத்தின் பக்கமூலையைத் தொட வேண்டும்.

குச்சியை வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. குறுக்குக் குச்சியின் நடுவைக் கத்தி முனையில் வைத்து எடை சமமா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அது போதாது. வில்லாக வளைத்துத் தரையில் ஒரு காகிதத்தின் மேல் வைத்து வளைவைப் பென்சிலால் வரையுங்கள். குச்சியை இடம் வலம் மாற்றி அதே கோட்டின் மேல் வையுங்கள். கோடு பொருந்தவில்லை என்றால் ஒரு பாதி விறைப்பு, ஒரு பாதி இளசு. விறைப்பான பாதியின் உட்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுங்கள், தோல் பக்கம் கைவைக்காதீர்கள். லேசான காற்றில் நேராக நின்று, காற்று கூடும்போது மட்டும் ஒரு பக்கமாகச் சாயும் பட்டத்துக்கு நோய் இதுதான்.

3. நூல்கண்டு

நூல் பற்றி. மேலே சொன்ன பட்டத்தின் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர். மணிக்கு 20 கி.மீ. காற்றில் அது இழுக்கும் விசை ஒரு கிலோவுக்கு உள்ளே. காற்று இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. இதை மறந்துவிடுவதால்தான் திடீர் வீச்சில் நூல் அறுகிறது. 15 கிலோ தாங்கும் பாலியஸ்டர் அல்லது முறுக்குப் பருத்தி நூல் வாங்குங்கள். "அவ்வளவு எதற்கு?" என்றால், சாதாரண முடிச்சு ஒன்று விழுந்தாலே நூலின் வலு பாதிவரை குறைந்துவிடும்.

100 மீட்டர் நூல் போதும். பிரிட்டனில் 60 மீட்டர் உயரத்துக்கு மேல் பட்டம் விடவே அனுமதி வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் விமான நிலையத்துக்கு அருகில் விடாதீர்கள். மின்கம்பியில் மாட்டியது அங்கேயே இருக்கட்டும், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

தூண்டில் நரம்பு வேண்டவே வேண்டாம். நீண்டு சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது, கையைக் கிழிக்கும்.

வசந்தத்தில் இன்னொன்று: பறவைகள் கூடு கட்டும் காலம் இது. மைதானத்தில் கிடக்கும் அரை அடி நூல் துண்டைக்கூடக் காய்ந்த நார் என்று எடுத்துக்கொண்டு போகும். அந்தச் செயற்கை நூல் கூட்டுக்குள் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். குஞ்சு வளர வளர இறுகும். பருத்தி மக்கும், பாலியஸ்டர் மக்காது. கிளம்பும் முன் வெட்டுத் துண்டுகளை எண்ணிப் பொறுக்குவது பிள்ளைகளின் வேலை என்று வைத்துவிடுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் கண்ணுக்குச் சீக்கிரம் தென்படும்.

4. காற்றுவாக்கு

மூங்கில்கீற்று ஐயா, நன்றி. வால் இல்லாமல் நிற்குமா? பிள்ளைகளுக்கு வால்தானே பாதிச் சந்தோஷம்.

5. வால்காரி

வால் வேண்டுமென்றால் தட்டைப் பட்டம் கட்டுங்கள், வில் வேண்டாம். குறுக்குக் குச்சியைக் கால் பங்கில் வைத்து, நடுக்குச்சியைப்போல ஆறேழு மடங்கு நீளத்தில் வால் விடுங்கள். 90 செ.மீ. பட்டத்துக்குச் சுமார் 6 மீட்டர்.

வாலின் எடை பட்டத்தை நேராக்குவதில்லை, காற்றில் அது உரசும் தடைதான் நேராக்குகிறது. அதனால் கனமான துணி வால் ஒரு மீட்டர் கட்டுவதைவிட, மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஆறு மீட்டர் கட்டுவது மேல். கனமான வால் லேசான காற்றில் பட்டத்தைக் கீழே இழுக்கும், பலத்த காற்றிலோ போதிய தடை தராது. இரண்டு பக்கமும் நட்டம்.

வளைகுச்சிப் பட்டத்துக்கும் அழகுக்கு ஒன்று கட்டலாம், அடிமுனையில், நடுவில். மூலையில் கட்டினால் சுழலும்.

6. உப்புக்காற்று

இனி காற்று. பட்டத்தைப் பற்றி ஆயிரம் பேசுகிறோம், நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 3 என்பதுதான் குடும்பத்துக்கு ஏற்றது: மணிக்கு 12 முதல் 19 கி.மீ. கருவி தேவையில்லை. இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் அசைந்து, சின்னக் கொடி விரிந்து நின்றால் 3. இலை சலசலப்பு மட்டும் கேட்டால் 2, பொறுமை உள்ளவர்களுக்கு. புழுதியும் காகிதமும் எழும்பினால் 4. சின்னப் பிள்ளை கையில் நூலைக் கொடுக்காதீர்கள்.

வசந்தத்தின் தந்திரம் என்னவென்றால், நிலம் சீக்கிரம் சூடாகிறது, மேலே காற்று இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. உச்சி வெயிலில் சூடான காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். அப்போது பட்டம் தலைக்கு மேல் வந்து, நூல் தொய்ந்து, அடுத்த நிமிடம் குப்புற விழும். பட்டத்தில் பிழை தேடி முச்சையை அவிழ்த்துக் கட்டுவார்கள், பிழை நேரத்தில் இருக்கிறது. உள்நாட்டில் முற்பகலும் பிற்பகல் கடைசியும் நல்லது. கடற்கரையில் மத்தியானத்துக்குப் பிறகு: கடல் இன்னும் குளிர்ந்திருக்க, தரை சூடாகிவிட, கடற்காற்று ஒரே சீராக வரும். காலையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும்போது விட்டு நூல் அறுந்தால் பட்டம் கடலுக்குத்தான்.

10 மீட்டர் உயர மரவரிசைக்குப் பின்னால் 70 முதல் 100 மீட்டர் வரை காற்று குழம்பிக் கிடக்கும். மரத்தை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஏற்றுவதற்கு ஓட வேண்டாம். ஓடும்போது பின்னால் பார்க்க முடியாது, தடுக்கி விழத்தான் வழி. ஒருவர் நூலோடு காற்றுக்கு முதுகு காட்டி நிற்க, மற்றவர் காற்று போகும் திசையில் 25 மீட்டர் தள்ளிப் போய்ப் பட்டத்தின் மூக்கை மேலே வைத்துப் பிடித்திருக்க வேண்டும். நூல் விறைப்பாகட்டும். காற்று பட்டத்தின் முகத்தில் படும் நேரம் பார்த்து "விடு" என்றதும் கையைத் திறந்தால் போதும், மேலே எறியக் கூடாது. நூல்காரர் கை மாற்றிக் கை நாலைந்து இழுப்பு இழுத்தால் தரையோரக் குழப்பத்தைத் தாண்டிவிடும்.

7. பொதுவழி

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. என் கட்சி: பட்டம் எந்நாளும் உலகமயமானதுதான், இப்போது ஆனதல்ல. சீனத்திலிருந்து கிளம்பி ஆசியா முழுக்கப் பரவி, கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது.

லாரன்ஸ் ஹார்கிரேவ் 1893-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டிப் பட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களின் கீழ் தொங்கி 16 அடி உயரம் எழும்பினார். அதற்குக் காப்புரிமை வாங்க மறுத்தார். அறிவு எல்லோருக்கும் பொது என்பது அவர் கொள்கை. அளவுகளோடு எழுதி வெளியிட்டார். பிரேசிலில் பிறந்த சாண்டோஸ்-டூமோன் 1906-இல் பாரீசில் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கைகள் பெட்டிப் பட்டத்தின் அறைகளேதான். மார்க்கோனி 1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிவந்த சமிக்ஞையைப் பிடித்தபோது ஆன்டெனாக் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது ஒரு பட்டம்.

ஆக, ஒரே பட்டம் எல்லா ஊரிலும் இருந்தால் என்ன கெட்டுப்போச்சு?

8. மூங்கில்கீற்று

> பொதுவழி எழுதியது: ஒரே பட்டம் எல்லா ஊரிலும் இருந்தால் என்ன கெட்டுப்போச்சு?

ஹார்கிரேவைச் சொன்னீர்கள், எடியை விட்டுவிட்டீர்கள். நான் மேலே அளவு கொடுத்த பட்டம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மலாய்ப் பட்டங்களின் பாணியில் 1890-களில் அமெரிக்கர் வில்லியம் எடி வடிவமைத்தார். 1900-இல் காப்புரிமையும் வாங்கிக்கொண்டார். கட்டத் தெரிந்தவர்கள் ஒரு கரையில், உரிமைப் பத்திரம் இன்னொரு கரையில். எடி செய்த வேலை சின்னதில்லை, வானிலை ஆய்வுக்கருவிகளைத் தூக்கவே அவர் பட்டங்கள் பயன்பட்டன. ஆனாலும் கொடுக்கல் வாங்கல் என்று வந்தால் கணக்கில் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

கடையில் கிடைக்கும் டெல்டாவை, அதாவது அந்த முக்கோணப் பட்டத்தை, பழிக்க எனக்கு மனமில்லை. காற்று கூடினால் இறக்கைகள் தாமாகப் பின்னால் மடங்கி அழுத்தத்தைக் கொட்டிவிடும், குறைந்தால் விரியும். மணிக்கு 8 முதல் 25 கி.மீ. வரை தடுமாறாது. குச்சிகளைக் கழற்றினால் ஒரு குழாய்க்குள் சுருண்டு படுக்கும், கப்பல் பெட்டியில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். அது உலகம் சுற்றியதற்கு இந்தக் கடைசிக் காரணமே பெரியது என்பேன்.

ஆனால் அதில் முச்சை கிடையாது. நடுவில் ஒரு முக்கோணத் துணி, அதன் நுனியில் ஒரு துளை, அவ்வளவுதான். திருத்துவதற்கு இடமே வைக்கவில்லை. பறந்தால் பறக்கும், பறக்காவிட்டால் குப்பை. பழைய பட்டங்களை அந்தந்தக் கரையின் காற்றுதான் வடித்தது. பலத்த கடற்காற்றுள்ள இடத்தில் கனத்த சட்டம், உள்நாட்டு மந்தக் காற்றில் மெல்லிய தாள். பிள்ளை முச்சையை அரை செ.மீ. நகர்த்தும்போது தன் தலைக்கு மேலுள்ள காற்றைப் படிக்கிறது. அந்தப் பாடம் போய்விட்டது என்பதுதான் என் குறை. நைலான் வந்ததில் எனக்குக் குறையில்லை.

9. வால்காரி

ஒரு திருத்தம்: எல்லா டெல்டாவிலும் ஒற்றைத் துளை இல்லை. சிலவற்றில் இரண்டு மூன்று இருக்கும். மூக்குக்கு அருகில் உள்ளது பலத்த காற்றுக்கு. பெட்டிக்குள் வரும் தாளைப் படிக்காமல் எறிந்துவிடுகிறோம்.

10. பொதுவழி

ஏற்கிறேன். ஆனால் குறைக்குக் காரணம் உலகமயமா, சோம்பலா? ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத) நைலானும் கார்பன் குச்சியும் வாங்கி அதே எடி அளவில் கட்ட எவர் தடுத்தார்? சதுர மீட்டருக்கு 40 கிராம் துணி, 4 மி.மீ. கார்பன் குழல். மூங்கிலைப் போல இரு பாதிகளும் பொருந்துமா என்று சுரண்ட வேண்டியதில்லை. மழையில் ஊறாது. கார்பனை அறுக்கும்போது மட்டும் முகமூடி போட்டு, ஈரத்துணி வைத்து அறுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. அறுத்த முனையில் மூடி போடாவிட்டால் துணியைக் குத்திக் கிழிக்கும்.

11. நூல்கண்டு

உலகம் ஒன்றானதில் வந்த நல்லதை மட்டும் பேசுகிறோம். நைலான் மாஞ்சாவும் அதே வழியில்தான் பரவியது. கண்ணாடித்தூள் பூசிய பருத்தி நூலே ஆபத்து. நைலானில் அது அறுக்கவும் செய்யும், அறுபடவும் மறுக்கும். பைக்கில் போகிறவர் கழுத்து, பறவையின் இறக்கை, எதுவும் தப்பாது. இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தடை விதித்தது. குடும்பமாகப் போகும் இடத்தில் எந்த வகை மாஞ்சாவும் வேண்டாம். இதில் சமரசம் பேசுகிறவர்களுடன் எனக்குப் பேச்சே இல்லை.

12. உப்புக்காற்று

மாஞ்சா இல்லாமலும் நூல் நூலை அறுக்கும். பொது மைதானத்தில் வெவ்வேறு நாட்டுக் குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் விடும்போது அடிக்கடி நடப்பது இது.

இரண்டு நூல்கள் குறுக்கே விழுந்தன என்று வையுங்கள். ஒருவர் பதறிப்போய் மடமடவென்று இழுக்கிறார், மற்றவர் அசையாமல் நிற்கிறார். இழுபடும் நூலில் உரசும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சூடு நீளமாகப் பரவிவிடும். அசையாத நூலில் அதே ஒரு புள்ளி தேய்ந்துகொண்டே இருக்கும். செயற்கை நூலென்றால் அந்தப் புள்ளி உருகிப் பொட்டென்று போகும். இழுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. சும்மா நின்றவருடைய பட்டம் போய்விடும்.

செய்ய வேண்டியது: இருவரும் இழுப்பதை நிறுத்த வேண்டும். நூலை விறைப்பாகவே பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். தோளோடு தோள் வந்தபின் நிமிர்ந்து பார்த்தால் எது எதன் மேல் என்று தெரியும். ஒருவர் மற்றவரைச் சுற்றி வந்தால் பிரிந்துவிடும். இதற்கு மொழி வேண்டாம், கையால் "நில், வா" என்று காட்டினால் போதும். பொதுவான விழுமியங்கள் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதில் எனக்கு நம்பிக்கை வருவது இந்த மாதிரி இடத்தில்தான். தன் பட்டத்தைக் காப்பாற்றும் ஒரே வழி அடுத்தவரை நோக்கி நடப்பது என்பதை எந்த நாட்டுக்காரரும் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

பிறகு வந்தவர் முன்னே இருப்பவருக்குப் பக்கவாட்டில், குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்பதும் அப்படித்தான்.

13. காற்றுவாக்கு

அருமை. பிள்ளைகள் கையில் எப்போது கொடுப்பது? இறக்குவது எப்படி?

14. வால்காரி

தரையிலிருந்து ஏற்றும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். 30 மீட்டர் உயரத்தில் நிலைத்தபின் சுருளோடு சேர்த்துக் கொடுங்கள். வெறும் நூலைக் கொடுத்தால் விரல் எரியும். நூலை மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றக் கூடாது. ஆறு வயதுக்குப் பிடித்துக்கொள்வதே போதும், எட்டு ஒன்பதில் நூல் விடவும் சுற்றவும் வரும். மெல்லிய தோல் கையுறை போட்டால் நல்லது.

இறக்கும்போது சுருளைச் சுற்றி இறக்க முயலாதீர்கள். விறைப்பாகச் சுற்றிய நூல் சுருளையே நசுக்கும். ஒருவர் சுருளைப் பிடித்து நிற்க, மற்றவர் கையுறை போட்ட கையால் நூலை அழுத்திக்கொண்டே பட்டத்தை நோக்கி நடந்தால் தானாக இறங்கும். பட்டம் கைக்கு வந்ததும் நூல்காரர் தளர்வாகச் சுற்றிக்கொண்டு வரலாம்.

தூரத்தில் இடி கேட்டால் உடனே இறக்குங்கள். ஈர நூல் மின்சாரத்தைக் கடத்தும்.

15. தொடக்கநிலை

மூங்கில்கீற்று சொன்ன அளவில்தான் கட்டியிருக்கிறது. இழுக்கிறது, ஆனால் ஏறாமல் தாழ்வாகவே நின்று இடவலமாக ஆடுகிறது. ஏன்?

16. மூங்கில்கீற்று

பறக்கும் நூல் கட்டிய இடம் கீழே இருக்கிறது. மூக்குப் பக்கம் அரை செ.மீ. நகர்த்திப் பாருங்கள். பிறகும் அப்படியே என்றால் இன்னொரு அரை. ஒரே தடவையில் மூன்று செ.மீ. நகர்த்தினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. ஏறி, தலைக்கு மேல் வந்து நூல் தொய்ந்து சரிந்தால் அளவு மீறிவிட்டது, திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் முச்சையில் மையால் ஒரு புள்ளி.

எப்போதும் இடப்பக்கமே போனால் முச்சையைத் தொடாதீர்கள். வல மூலையில் ஒரு சாண் நாடா ஒட்டினால் அந்தப் பக்கம் தடை கூடி நேராகும். அது தற்காலிக வைத்தியம். வீட்டுக்கு வந்து குச்சியின் வளைவைப் பாருங்கள்.

17. தொடக்கநிலை

நகர்த்த ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கிறதே?

18. நூல்கண்டு

கட்டவே வேண்டாம். 2 செ.மீ. விட்டமுள்ள சின்ன வளையம் ஒன்றை எடுங்கள், சாவிக்கொத்து வளையம் போதும். முச்சையில் பறக்கும் நூல் கட்டும் இடத்தை மடித்து வளையத்துக்குள் நுழைத்து, அந்த மடிப்புக்குள்ளேயே வளையத்தை எடுத்து இறுக்குங்கள். விறைப்பாக இருக்கும்போது நகராது. தளர்த்தித் தள்ளினால் எந்தப் பக்கமும் போகும். பறக்கும் நூலை வளையத்தில் கட்டிக்கொள்ளலாம். வளையத்தில் பிசிறு இருந்தால் நூலை அறுக்கும், உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.